வாடகை இல்லாத வீடு

பள்ளிக்கூடத்தில் நான் ஒரு சமூகப் பிரச்சினையாக இருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலேசியாவின் சிரம்பானில், பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்தபோது, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் டீச்சர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வாரம் ஒருவர் ஏதாவது ஒரு சமூகப் பிரச்சினையைப் பற்றி எழுதி, பின்சுவர்ப் பலகையில் குத்த வேண்டும். அதன் கீழே ஒரு வெற்றுத்தாள் தொங்கும். படித்தவர்கள் அதில் தங்கள் கருத்தை எழுத வேண்டும். இன்றைய பிள்ளைகள் கணினியில் வலைப்பதிவு எழுதி, அடியில் ஆளுக்கு ஒரு வரி போடுகிறார்களே, அதையே நாங்கள் குண்டூசி வைத்துச் செய்தோம்.

எண்பதுகளில் சமூகப் பிரச்சினை என்றால் எங்கள் வகுப்புக்கு ஒரே இடம்தான், ரப்பர் தோட்டம். குடி, சண்டை, படிப்பில் அக்கறையின்மை எல்லாம் அங்கேதான் நடந்தன. டவுனில் யாரும் குடிப்பதே இல்லை போலும். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் டவுன் பிள்ளைகள். லுக்குட் போகும் சாலையில் இருந்த தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள் நான் ஒருத்திதான். வாரா வாரம் என்னைப் பற்றி எழுதினார்கள், நான் உட்கார்ந்து படித்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வட்டிக்கடைக்காரர் மகள். நல்லவள். அவள் வீட்டு முறுக்கில் பாதி என் வயிற்றுக்குள்தான் போனது. அவள் ஒரு வாரம், தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று எழுதிக் குத்தினாள். பெற்றோரின் குடிதான் காரணம், குடியை விடுவதே தீர்வு என்று முடித்திருந்தாள். கருத்துத் தாள் நிரம்பி வழிந்தது. அதில் ஒரு வரி மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 'வாடகை இல்லாத வீடு கொடுத்தும் இவர்கள் ஏன் முன்னேறவில்லை?'

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என் அப்பா குடிக்காதவர். அதைச் சொல்லிக் காட்டவும் மனம் வரவில்லை. குடிக்கிற பக்கத்து வீட்டு மாமாவைக் கைவிட்டு, நாங்கள் மட்டும் யோக்கியர்கள் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு முறுக்கைத் தின்றேன்.

அந்த வாடகை இல்லாத வீட்டைப் பற்றி எழுதியவனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் தோட்டத்து வழக்கம் இதுதான்: வீட்டுக்கு இரண்டு பேர் வேலைக்குப் பேர் போட்டிருக்க வேண்டும். ஒரு பேர் விழுந்தால் அதே வீட்டிலிருந்து இன்னொருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் பேர் போட்டிருந்தார்கள். அந்த வருடம் மழை ஈரத்தில் சரிவில் இறங்கும்போது, பால் வாளியோடு விழுந்து அப்பா இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுக் கம்பு ஊன்றி வீட்டுக்கு வந்தார். அண்ணன் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தினான். திரும்பி வருவானா? நானாக இருந்தாலும் வரமாட்டேன். மிச்சம் இருந்தது நான். எனக்கோ பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத வேண்டும், ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும். வேறு ஆசையே அப்போது எனக்கு இல்லை.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு உறவு முறைகூட. ஒருநாள் சாயங்காலம் வாசலுக்கு வந்து, மோட்டார் சைக்கிளை அணைக்காமலே பேசினார். "மேல கேக்குறாங்க லா. ஒரு பேரு காலியா நிக்குது. நான் எத்தன நாளைக்கு மறைக்க?" அம்மா அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை.

வாசல் ஓரத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் கறிவேப்பிலைக் கன்று இருந்தது. அப்பா விழுவதற்கு முந்தி அம்மா யாரிடமோ கேட்டு வாங்கி வந்தது. டின்னுக்குள் வேர் நெருக்கி, இலை மஞ்சளித்துப் போய்விட்டது. மண்ணில் வைக்கச் சொன்னால் அம்மா கேட்கமாட்டாள். இருப்போமோ போவோமோ தெரியாத இடத்தில் எதற்கு என்பாள். நானும் அந்தக் கன்றைப் போலத்தான் இருந்தேன். வீட்டில் யாரும் என்னை வேலைக்குப் போ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அப்பா மட்டும் ஒரு தடவை, என் முகத்தைப் பார்க்காமல், கம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு மாசம் பேரு போடு பாப்பா. இடுப்பு சரியாயிருச்சுன்னா நானே போய்க்கிறேன்."

சரியாகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் பலகையில் எழுதுவது என் முறை. வட்டிக்கடைக்காரர் மகள் எழுதிய அதே தலைப்பில் நானும் எழுதினேன். குடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேர் போடுவது, பேர் விழுவது, வீடு போவது, அவ்வளவுதான். டீச்சர் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தீர்வு எங்கம்மா? பிரச்சினைய மட்டும் எழுதுனா அது பொலம்பலாயிடும்."

தீர்வு இல்லாத கட்டுரையைப் பலகையில் குத்த முடியாது, அது அவருடைய விதி. தொழிலாளர் சங்கத்திடம் முறையிடலாம் என்று எழுதச் சொன்னார். நல்ல யோசனைதான். எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் எங்கள் வரிசையிலேயே, கோடி வீட்டில் இருந்தார். அவர் மகன் பள்ளியை நிறுத்திப் பேர் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் யாரிடம் முறையிடுவார்? இதைச் சொன்னதும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்து எழுதி வா, அடுத்த சனிக்கிழமை குத்தலாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். பஸ்ஸில், பாத்திரம் கழுவும்போது, அப்பா கம்பு ஊன்றிக் கக்கூசுக்கு நடப்பதைப் பார்க்கும்போது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அண்ணன் வரமாட்டான். அம்மா இரண்டு ஆளாக முடியாது. வெளியே வாடகைக்குப் போக வழியில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்துதான் கடைசி வரியை எழுதினேன். 'தீர்வு: திங்கட்கிழமையிலிருந்து நான் வேலைக்குப் போகிறேன்.'

டீச்சர் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "இது தீர்வு இல்லியேம்மா" என்றார்.

"எங்க வீட்டுக்கு இதான் டீச்சர்."

 டீச்சர் பலகைக்குப் போய் அவரே குண்டூசி குத்தினார். கீழே வெற்றுத்தாளையும் மாட்டினார். வட்டிக்கடைக்காரர் மகள் பென்சிலை எடுத்துக்கொண்டு போய், அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். ஒன்றும் எழுதாமல் திரும்பி வந்து முறுக்குப் பொட்டலத்தை முழுதாக என் பக்கம் தள்ளினாள். 

திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டில், பேர் கூப்பிடும் வரிசையில், அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். மண்டோர் என் பேரைக் கூப்பிட்டார். இருக்கேன் என்றேன். பள்ளியிலும் அதே வார்த்தையைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா டின்னைக் கவிழ்த்துத் தட்டி, கறிவேப்பிலைக் கன்றை வாசலில் நட்டாள். அப்பா கம்பில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

நான் ஊற்றவில்லை.