சிவப்புப் புள்ளி வைத்த பேரிங்

கட்டிய கணவனைக் காட்டிக் கொடுத்தவள் என்று ரமணியைச் சொல்கிறீர்களே, கொஞ்சம் நிறுத்துங்கள். போன வருஷம் இதே வாயால்தான் ரொட்டிக்காரரைக் கொன்றவள் என்றீர்கள். மீன் வாங்க நின்ற இடத்தில் எதிர்வீட்டு நவமணி, "பொம்பளை ஸ்பேனர் புடிச்சா இப்படித்தான் லா ஆகும்," என்றாளாம். நவமணி வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் இன்றைக்குச் சத்தமில்லாமல் சுற்றுகிறதே, அதற்குள் இருப்பது ரமணி தேடிப் போட்ட பேரிங். அதைச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

ரமணி நிபோங் திபாலில் தோட்டத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் பாயான் பாருவுக்கு வந்து, பதினோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் பேரிங் சோதிக்கும் பிரிவில் உட்கார்ந்தாள். விரல் நுனியில் மாட்டிச் சுழற்றுவது, காதருகே பிடிப்பது, கண்ணாடி வைத்துப் பார்ப்பது. தேறாததற்குச் சிவப்புப் புள்ளி வைத்துப் பூட்டிய பெட்டியில் போடுவது. பெட்டியின் சாவி மேலாளரிடம் இருக்கும். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது அவளுக்கு மிஞ்சியது அந்த விரல்கள்தான்.

அவள் புருஷன் அர்ஜுனன் ஜாலான் பேராக் தெருப் பக்கம், வீட்டின் முன்பாகத்திலேயே சைக்கிள் கடை வைத்திருந்தான். சைக்கிளில் சின்ன எஞ்சின் பூட்டித் தருவான். ரொட்டி விற்பவர்கள், பேப்பர் போடுகிறவர்கள், முட்டி வலிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். அந்த எஞ்சின் கைக்கடக்கமானது, ஆனால் கோபக்காரன். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், அடுப்பு மாதிரிச் சுடும். சூட்டில் இரும்பு விரியும். அந்த விரிவுக்கு உள்ளே மயிரிழை இடம் விட்டுச் செய்த பேரிங்தான் அதற்கு ஆகும். ஃபேன் பேரிங்கும் அளவில் அப்படியே இருக்கும், உட்காரவும் உட்காரும். ஆனால் சூடானதும் இறுகும். இறுகினால் எஞ்சின் நிற்கும், அதோடு பின்சக்கரமும் நிற்கும்.

கடையில் பேரிங் பார்ப்பது ரமணியின் வேலை, பெட்டிமேல் இருக்கும் பெயரை நம்ப மாட்டாள். பேரிங்கைக் கையில் எடுத்து, இரண்டு வளையத்தையும் பிடித்து மெல்ல அசைப்பாள். துளி ஆட்டம் இருக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுழற்றுவாள். நல்லது தானாகக் களைத்து நிற்கும், கெட்டது எதிலோ இடித்து நிற்கும். பொறித்த எழுத்தைப் பெயிண்ட் தின்னர் நனைத்த துணியால் துடைத்துப் பார்ப்பாள், அழிந்தால் போலி. கழற்றிய பழையதைக் காகிதத்தில் சுற்றி வாடிக்கைக்காரர் கையில் கொடுத்துவிடுவாள். ரொட்டிக்கார இப்ராஹிம் பாய், "இதை வச்சு நான் என்னக்கா செய்யிறது, பேரனுக்கு வளையலா போடுறதா?" என்று சிரிப்பார்.

ஒரு தடவை அர்ஜுனன் தெரிந்தவர் மூலம் ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தான். பெட்டியில் பெரிய பெயர், பளபளப்பு. ரமணி ஒன்றை எடுத்தாள். ஆட்டமே இல்லை. துடைத்தாள், துணியில் எழுத்து வந்தது.

"இது போலிங்க. எஞ்சினுக்குப் போட்டுடாதீங்க."

"ஆமா, உன் விரலுக்கு எல்லாமே போலிதான். திருப்பிக் குடுத்துக்கலாம், எடுத்து வை."

அவள் நகப்பூச்சு எடுத்து ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்புப் புள்ளி வைத்தாள். மைலோ டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்தாள். தொழிற்சாலைப் பழக்கம். புள்ளி வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் என்று இருந்துவிட்டாள். அங்கே புள்ளிக்குப் பின்னால் பூட்டு இருந்தது. இங்கே இல்லை.

அக்காள் இறந்து ரமணி நிபோங் திபாலுக்குப் போயிருந்த மூன்று நாளில் இப்ராஹிம் பாய் வந்தார். எஞ்சினில் இரைச்சல். நல்ல பேரிங் கடையில் தீர்ந்திருந்தது. மறுநாள் மாலையே பாயின் சைக்கிள் கிரியான் ரோட்டுப் பக்கம் போகும்போது பின்சக்கரம் இறுகி நின்றது. பின்னால் லோரி. ரொட்டியெல்லாம் ரோட்டில் கிடந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எல்லாரும் ரமணியைச் சொன்னார்கள். அந்தக் கடையில் பேரிங் போடுவது அவள் கைதானே? அர்ஜுனன் அவளிடம், "நான்தான் போட்டேன். நல்லதுதான் போட்டேன், ஒண்ணு மேசைக்குள்ள கிடந்துச்சு. பாய் வேகமா போயிருப்பாரு," என்றான். ஊரிடம் வாயைத் திறக்கவில்லை. புருஷன் சொன்னதை நம்பி, ஊர் சொன்னதை அவள் தாங்கிக்கொண்டாள். மீன், காய்கறி வாங்கப் பசாருக்குப் போவதையும் நிறுத்தினாள்.

இரண்டு மாதம் கழித்துப் போலீஸ் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தது. பாயின் மனைவி ஷாஹிரா அதைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினாள். அர்ஜுனன் அப்போது சாமான் வாங்கப் போயிருந்தான்.

"எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்கக்கா. நான் நம்பல. நீங்க பார்த்துக் குடுத்த வண்டின்னாத்தான் அவர் தைரியமா ஏறுவாரு. எதனால நின்னுச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியணும். தெரியாம தூக்கம் வரல."

"விட்டுட்டுப் போ ஷாஹிரா. பார்த்துச் சொல்றேன்."

ரமணி எஞ்சினைப் பிரித்தாள். உள்ளே எண்ணெய் கருகி நாறியது. நீலம் பாய்ந்திருந்த பேரிங்கைத் தட்டி எடுத்தாள். பாதி எரிந்திருந்தாலும் ஓரத்தில் இருந்தது, அவள் கையால் வைத்த சிவப்பு. அலமாரியில் ஏறி டின்னை இறக்கி எண்ணினாள். ஒன்று குறைந்தது. டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அர்ஜுனன் வந்து பார்த்தான். கையிலிருந்த சாமானைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"பாய் அவசரப்பட்டாரு ரமணி. ரெண்டு நாள் ஓடட்டும், நல்லது வந்ததும் மாத்திக்கலாம்னு நெனச்சேன்."

"புள்ளியப் பார்த்தீங்களா?"

அவன் கண் டின்னுக்குப் போனது.

"பார்த்துட்டுத்தானே போட்டீங்க?"

"ஆமா பார்த்தேன்! இப்ப என்னங்கற? பாய் திரும்பி வரப்போறாரா? அத ஓடையில வீசிடு. துரு புடிச்சிருந்துச்சுன்னு சொல்லு. ஷாஹிராவுக்கு என்ன தெரியும்?"

"அவளுக்குத் தெரியாதுன்னுதான் என்கிட்ட கேட்டா."

"கடை போயிடும். நான் உள்ள போயிடுவேன். அதுதான் வேணுமா உனக்கு?"

ரமணி அழுதாள். அவன்மேல் ஆசை இருந்ததால்தான் அழுதாள், அதைச் சொல்லிவிடுகிறேன். அவனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் அவள்.

"உங்கள மட்டும் சொல்லப் போறதில்லைங்க," என்றாள். "இது சாவுற சாமான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சுத்தியலால நாலு தட்டுத் தட்டிக் குப்பையில போட்டிருக்கணும். புள்ளி வச்சுட்டு என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். அதையும் சொல்வேன்."

"இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராத."

அவள் கருகிய பேரிங்கைக் காகிதத்தில் சுற்றினாள், வாடிக்கைக்காரருக்குச் சுற்றிக் கொடுப்பது போலவே. டின்னைப் பையில் போட்டாள். கைக் கிரீஸைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாள். செருப்பை மாட்டினாள். அர்ஜுனன் கதவில் கை வைத்து நின்றான். அவள் அந்தக் கையைப் பிடித்து, பேரிங்கைக் கழற்றுவது போல மெல்ல விலக்கினாள். எதிர்வீட்டு அஞ்சடி நடைபாதையில் நவமணி காய்கறிப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா, இந்த வெயில்ல?"

"ரொட்டிக்கார பாய் வீட்டுக்கு," என்று சொல்லிவிட்டு ரமணி ரோட்டில் இறங்கினாள்.