மருந்தடிக்கிற சேர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கொரோனாவுக்கு அதிகம் பயந்த ஆள் யார் என்று பார்த்து, அவரையே பாதுகாப்புக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அது நான்தான். யேசுரட்ணம், வயது நாற்பத்தெட்டு, சின்ன வகுப்பு ஆசிரியர். கடையில் வாங்கிய தேங்காயைக்கூடச் சவர்க்காரம் போட்டுக் கழுவியவன்.

2021 ஒக்டோபரில் பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்களை முதலில் திறக்கச் சொன்னார்கள். கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் எங்களுடையது. நான் வலப்பனையிலிருந்து மாற்றலாகி வந்ததே அது மூடியிருந்த காலத்தில். ஆறு மாதமாகத் தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கு ஃபோனில் குரல் பதிவு அனுப்பித்தான் படிப்பித்தேன். ஒரு பிள்ளையும் என்னை நேரில் கண்டதில்லை. வட்ஸ்அப்பில் என் கல்யாணப் படம் இருந்தது. அதில் எனக்குத் தலை நிறைய முடி.

"பிள்ளைங்க பயப்படாம உள்ள வரணும் சேர். அத மட்டும் பாத்துக்குங்க" என்றார் அதிபர் சுகிர்தம் டீச்சர்.

நான் பயப்படாமல் நிற்பதற்கு என்ன வேண்டுமோ அதைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு மாஸ்க், அதற்கு மேல் முகத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு, கையுறை, மழைக்கோட்டு. தோட்டத்தில் மருந்து டாங்கி ஒன்றை இரவல் வாங்கி, கிருமிநாசினி நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டேன். பெரிய விஞ்ஞானி மாதிரி இருப்பதாக எனக்கு நினைப்பு.

ஏழரைக்கு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து சின்னப் பிள்ளைகள் வளைவில் திரும்பினார்கள். நான் கையிலிருந்த குழாயை ஆட்டி, "வாங்க, வாங்க!" என்றேன்.

முன்னால் வந்த சுலக்ஷனா சட்டென்று நின்றாள். "மருந்தடிக்கப் போறாங்கடீ!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முப்பது பிள்ளைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே ஓடிவிட்டார்கள்.

டாங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். ஓடியிருக்கக் கூடாது. மருந்தடிக்கிறவன் துரத்துகிறான் என்று அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

லயத்து வாசலில் சுலக்ஷனாவின் அம்மா நாகலெட்சுமி, கொழுந்து பறிக்கக் கிளம்பி நின்றவள், என்னை மறித்தாள்.

"சேரா நீங்க? ஐயோ, நாங்கதான் சேர் சொல்லி வச்சிருக்கோம். மலையில புல்லுக்கு மருந்தடிக்கிறவங்களக் கண்டா, மூக்கப் பொத்திக்கிட்டு ஓடியாந்துரணும்னு."

சொன்னதை அப்படியே செய்த பிள்ளைகள். குற்றம் சொல்ல வழியில்லை. நான் வாசலில் தண்ணீர் ஓடும் கானுக்கு இந்தப் பக்கமே நின்று, கோட்டையும் தகட்டையும் கழற்றி, இரண்டு மாஸ்க்கையும் இறக்கினேன். "பாரும்மா, நான்தான் உங்க சேர்."

சுலக்ஷனா அம்மாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது எங்க சேர் இல்ல. எங்க சேருக்கு முடி இருக்கு."

ஓடிய களைப்பும் குளிர்காற்றும் சேர்ந்து எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"அம்மா, எங்க சேர்தான்! ஃபோன்லயும் இப்படித்தான் இருமுவாரு!" என்று அவள் குதித்தாள். அதே நேரம் பெரியவர்கள் எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

"இது பழைய இருமல், சோக்குத்தூள்ல வந்தது" என்று ஒவ்வொரு வாசலாகச் சத்தியம் பண்ணி, ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். தள்ளித் தள்ளிப் போட்டிருந்த கதிரைகளை, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் சத்தமில்லாமல் ஒட்டிவிட்டார்கள். மூன்று தடவை பிரித்தேன். நாலாவது தடவை எல்லாரையும் வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். இத்தனை ஏற்பாட்டில் உருப்படியானது அது ஒன்றுதான்.

பிள்ளைகள் ஒருவருக்கும் கொரோனா வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தது எனக்கு. தங்கச்சி வீட்டுப் பிறந்தநாளில் கேக் தின்ன மாஸ்க்கைக் கழற்றியவன் நான். வீட்டில் அடைந்து கிடந்தபோது அதிபர் ஃபோனில் பேசினார். "இங்க எல்லாம் ஒழுங்கா நடக்குது சேர். நீங்க ஆறுதலா வாங்க."

திரும்பிப் போன அன்று, வாசல் பைப்படியில் சுலக்ஷனா காவல் நின்றாள்.

"கை கழுவிட்டுத்தான் போகணும் சேர். நான் இருவது எண்ணுவேன்."

கழுவினேன். அவள் பதின்மூன்றிலிருந்து பதினேழுக்குத் தாவினாள். கணக்குப் படிப்பித்தவன் நானே என்பதால், விட்டுப்போன மூன்றையும் மனசுக்குள் எண்ணிக் கழுவினேன்.