ஏழு மார்க் வாங்கிய நரி

போன வாரம் ஒரு நரிக்கு ஏழு மார்க் போட்டுவிட்டார்கள். அதற்காக தினேஷ் ராத்திரி சாப்பிடவில்லை.

தினேஷ் மலேசியாவில், கிள்ளானில் என் பக்கத்து அறைக்காரன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நரி, அவன் ஆசையாகக் காத்திருந்த வீடியோ கேமின் நாயகன். காணாமல் போன தங்கையைத் தேடிக் காடு காடாக அலையும். மார்க் போட்டவர் ரேவதி. ஷா ஆலமில் இருந்துகொண்டு தமிழில் கேம் விமர்சனம் செய்கிறவர். பத்துக்கு ஏழு.

நான் படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பத்துக்கு ஏழு வாங்கியிருந்தால் என் அம்மா கோயிலில் அர்ச்சனை செய்திருப்பார். "நல்ல மார்க்தானேப்பா?" என்றேன்.

"அண்ணே, ஏழுன்னா குப்பைன்னு அர்த்தம். நல்ல கேமுக்கு யாரும் ஒன்பதுக்குக் கீழ போடமாட்டாங்க."

அப்படியென்றால் மீதி எண்களை எதற்கு வைத்திருக்கிறார்கள்? கேட்கவில்லை. அவன் ரேவதிக்குக் கமெண்ட் எழுதிக்கொண்டிருந்தான் — 'உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? போய் பாம்பு ஏணி ஆடு.' அவனைப் போலவே இன்னும் எத்தனையோ பேர். காசு வாங்கிவிட்டாள் என்கிறார் ஒருவர். பெண்களுக்கு கேம் பற்றி என்ன தெரியும் என்கிறார் இன்னொருவர்.

"சரி, நீ ஆடிப் பார்த்தியா?"

"வெள்ளிக்கிழமைதான் வருதுண்ணே."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். காரணம், அவன் கை.

கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு ஃபேக்டரி மெஷின் அவன் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. நானும் பல ஃபேக்டரிகளில் நின்றவன், இதெல்லாம் நடக்கும். கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது இந்த கேமின் டிரைலரைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தான். நரி வரும்போது கட்டு அவிழ்ந்திருக்கும், பழையபடி கன்ட்ரோலரைப் பிடித்துவிடலாம்... அந்த நரிக்கு யாரோ மூன்று மார்க் குறைத்தால்? தன் கைக்கே குறைத்த மாதிரி இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை மத்தியானம் வரை அவன் அறையில் ஒரே சிரிப்பும் இசையும். அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன்.

நரி ஒரு தொங்குபாலத்தின் முன் நின்றது. வலது பக்கம் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே, இடது பக்கம் இரண்டு பட்டன்களை மாற்றி மாற்றி வேகமாகத் தட்டவேண்டும். தினேஷ் தட்டத் தட்ட நரி ஆற்றில் விழுந்துகொண்டே இருந்தது.

"முடியலண்ணே," என்றான். கன்ட்ரோலரை மெத்தையில் மெதுவாக வைத்தான். எறிந்திருந்தால்கூடத் தேவலாம்.

என்ன செய்வதென்று தெரியாமல் ரேவதியின் வீடியோவைப் போட்டேன். அதில் அவன் கடைசியில் வரும் மார்க்கை மட்டும்தான் பார்த்திருந்தான். ரசிகர்கள் எல்லாரும் அப்படித்தானாம் — நேராகக் கடைசிக்கு ஓடிவிடுவார்களாம். இருவரும் முழுதாகக் கேட்டோம். நரியை அவர் அப்படிக் கொஞ்சுகிறார். பிறகு சொல்கிறார்: "இந்தப் பாலத்துல பட்டன மாத்தி வச்சிக்கிற வசதியே கெடையாது. கை முடியாதவங்க இங்கயே நின்னுடுவாங்க. அவங்களையும் சேர்த்துதான் நான் மார்க் போடுவேன். அதான் ஏழு."

மார்க் என்பது ஒருவர் பேச்சின் கடைசி வார்த்தை. பேச்சைக் கேட்காமல் அந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கு நிற்கிறோம், இல்லையா?

தினேஷ் போனை எடுத்தான். தன் கமெண்டை அழித்தான். புதிதாக எழுதினான்: 'சாரி அக்கா. நான் அந்தப் பாலத்துலதான் நிக்கிறேன். வழி இருக்கா?'

சாயங்காலம் பதில் வந்தது. 'பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா ப்ரோ? இடது பக்கத்த அவங்கள தட்டச் சொல்லுங்க லா. அது சீட்டிங் இல்ல.'

பக்கத்தில் நான்தான் இருந்தேன். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒரே கன்ட்ரோலரை இருவரும் பிடித்தோம். நரியைப் பல தடவை ஆற்றில் தள்ளினேன். கடைசியில் அது அக்கரையில் ஏறி, உடம்பை உதறி, வாலை ஆட்டியது. தினேஷ் திரையைப் பார்த்தபடியே மூக்கை உறிஞ்சினான்.

எனக்கு அவன் போட்ட மார்க், பத்துக்கு நாலு. நான் கமெண்ட் எதுவும் எழுதவில்லை.