கெராசிம் விட்டுவைத்த ஒயின்

காலையில் கெராசிம் சுகாதார நிலையத்துக்கு வரும்போது நான் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிடுவார். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை, டாக்டரே சேற்றோடுதான் உள்ளே வருவார். கெராசிமின் இடது காலுறை முன்பக்கம் மட்டும் துவண்டு தொங்கும். அங்கே இருக்கவேண்டிய இரண்டு விரல்கள் இல்லை.

"லிஸவேதா, ஈரத்துல கால் வச்சா திட்டுவியா?"

நான் திட்டமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு துடைப்பத்தை ஒதுக்கிக்கொள்வேன்.

நர்ஸ் ஃப்ரோசா அக்கா மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் நீட்டுவாள். அவர் விழுங்குவார்.

"வாயத் தொற."

"எதுக்கு? சந்தையில விக்கப் போறியா என்ன?"

"உன்ன எவன் வாங்குவான். நாக்கத் தூக்கு."

தூக்கிக் காட்டுவார். முதலில் வீட்டில்தான் மாத்திரை இருந்தது. அவர் அதைக் கோழிக்கூட்டின் பின்னால் துப்பிவைத்திருந்ததை அவர் மனைவி ஸம்ஃபீரா அக்கா ஒருநாள் பார்த்துவிட்டாள். அன்றைக்கே மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து ஃப்ரோசாவின் மேசைமேல் போட்டாள். "என் கண்ணு முன்னால வேண்டாம். நீங்களே குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கெராசிம் கணப்படுப்பு கட்டுகிறவர். எங்கள் மால்டோவாக் குளிருக்கு அடுப்புதான் வீட்டின் பாதி. சுவர் அகலத்துக்கு நிற்கும், சமையல் ஒருபக்கம் நடக்கும், மேலே ஏறிப் படுத்துக்கொள்ளலாம். அவர் கட்டிய அடுப்பு புகையாது. வேலை முடிந்ததும் புகைக்கூண்டின் கீழே காதை வைத்துக் கேட்பார். காற்று மேலே ஏறும் சத்தத்திலேயே உள்ளே எந்தச் செங்கல் சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

அடுப்பு கட்டுகிறவனுக்கு ஒயின் ஊற்றாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. களிமண் குழைக்க ஆரம்பிக்கும்போது ஒரு கிளாஸ், அடுப்புவாய் வளைவு நின்றதும் ஒரு கிளாஸ், கூரையைத் தாண்டிக் கூண்டு எழும்பினால் ஒரு கிளாஸ். ஒயின் எங்களுக்குக் கடைச் சரக்கு இல்லை. தோட்டத்துத் திராட்சை, நிலவறையில் பீப்பாய். வந்தவருக்கு ஊற்றாமல் அனுப்பினால் அந்த வீட்டைப் பற்றி ஊர் பேசும். அப்படிக் குடித்துக் குடித்து, காலையில் ஒரு குவளை உள்ளே போகாவிட்டால் கொத்துக்கரண்டி கையில் நிற்காது என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

எங்கள் ஊரில் இதற்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தலைநகருக்குப் போய் ஓர் ஊசி போட்டுக்கொள்வது. 'பூட்டிக்கொள்வது' என்று சொல்வோம். பூட்டிக்கொண்டவன் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், செத்துப்போகவும் கூடும். அந்தப் பயத்தில் ஒரு வருஷம் தொடமாட்டான். சிலருக்கு அது உதவியிருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். கெராசிமும் ஒருமுறை பூட்டிக்கொண்டார். அந்த வருஷம் முழுவதும் ரயிலுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். கெடு முடிந்த காலையில் ஸம்ஃபீரா எழுந்து பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. நிலவறைக் கதவு திறந்து கிடந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் பனியில் அவரைக் கண்டெடுத்தார்கள். விரல்கள் போனது அப்போதுதான்.

போன வசந்தத்தில் மறுபடி ஜில்லா ஆஸ்பத்திரியில் படுத்தார். உடம்பு நடுக்கம் அடங்கி எழுந்ததும், எங்கள் நிலையத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும் டாக்டரம்மா அவரையும் ஸம்ஃபீராவையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மாத்திரை பூட்டு இல்ல. குடிச்சா ஒண்ணும் பண்ணாது. ஆனா குடியில இருக்கிற சுகத்தக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடும். மாசக்கணக்குல ஆகும். நடுவுல குடிச்சிட்டாலும் மறுநாள் மாத்திரைய விட்டுடாதீங்க. அதுதான் முக்கியம்."

"ஊசியே போட்டுறலாமே" என்றாள் ஸம்ஃபீரா.

"இவரு இதயம் இருக்கிற நிலைமைல வேண்டாங்க. பூட்டு மேல குடிச்சாருன்னா தாங்காது."

ஸம்ஃபீரா கணவனிடம் திரும்பிச் சொன்னாள்: "புனித திமித்ரு நாள் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஒரு வித்தியாசமும் தெரியலன்னா நீ போய்ப் பூட்டிக்கணும். மாட்டேன்னா நான் நடாலியாகிட்ட போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

நடாலியா அவர்களுடைய ஒரே மகள். இத்தாலியில் வயதான ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். போ என்றால் போய்விடக்கூடியவள்தான் ஸம்ஃபீரா. திமித்ரு நாள் எங்களுக்குக் குளிர்கால வாசல், அதற்குப் பிறகு பனிதான்.

அந்தக் கோடை அவருக்கு நன்றாக இல்லை. முதலில் குமட்டல், அப்புறம் தலைவலி. "குடிச்சாதான் வாந்தி வரணும், இதுல குடிக்காமலே வருது" என்று முணுமுணுப்பார். டாக்டரம்மா சாப்பிட்ட பிறகு போடச் சொன்னதும் அது மெல்லக் குறைந்தது. குடியும் நிற்கவில்லை. வேலைக்குப் போன வெளியூர் வீடுகளில் ஊற்றினால் குடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு ஒயினும் குடித்தார். மறுநாள் காலையில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து உள்ளே வருவார்.

"நேத்து குடிச்சேன்."

"குடிச்சியா. சரி, வாயத் தொற" என்பாள் ஃப்ரோசா.

இலையுதிர் காலத்தில் விதவை தெக்லாவின் வீட்டுக்குப் புது அடுப்பு கட்டினார். புது அடுப்பை எடுத்தவுடன் மூட்டக்கூடாது. தினம் ஒரு கைப்பிடிச் சுள்ளி மட்டும் எரித்து, கதவைத் திறந்துவைத்து, களிமண் உள்வரை காயும்படி வாரக்கணக்கில் விடவேண்டும். கெராசிமின் அண்ணன் நிக்கிஃபோர் அவசரப்பட்டு முதல் நாளே கட்டைகளை அடுக்கி மூட்டியதில் அவர் வீட்டு அடுப்பு மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. அதைத் திரும்பக் கட்டிக்கொடுத்ததும் கெராசிம்தான்.

திமித்ரு நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தெக்லாவின் அடுப்பு காய்ந்து, முழு நெருப்பு மூட்டும் நாள் வந்தது. அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டினவர் அடுப்புவாயைப் பார்த்து நின்று ஒரு கிளாஸ் ஒயினைக் குடித்துவிட்டு, கடைசிச் சொட்டை நெருப்பில் உதறவேண்டும். குடிக்காத அடுப்பு புகையும் என்பார்கள். ஆளில்லாத வீடு என்று தெக்லா என்னை ஒத்தாசைக்குக் கூப்பிட்டிருந்தாள். உருண்டைச் சோளக்களியும் ஆட்டுப்பாலாடைக்கட்டியும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் அவ்வளவு கூட்டம் அடுப்புக்காக வரவில்லை. மாத்திரை போடுகிற ஆள் குடித்தால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்க வந்தார்கள். நிக்கிஃபோர் கையில் ஒரு வாளி இருந்தது.

"அது எதுக்குண்ணே?" என்றாள் தெக்லா.

"வாந்தி எடுத்தா புதுத் தரை பாழாகும்ல."

கெராசிம் கிளாஸை வாங்கினார். முகம் வெளுத்திருந்தது. குடித்தால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னது அவருக்கு மறக்கவில்லை, கோடையில் குடித்தும் பார்த்திருந்தார். ஆனால் இத்தனை பேர் பார்க்க நின்றதும், பூட்டிக்கொண்ட அந்த ஒரு வருஷத்தின் பயம் உடம்பில் திரும்பி வந்தது. குடித்தார். சொட்டை உதறினார். நெருப்பு சீறியது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"சிவக்கலயே."

"கொஞ்சம் பொறுடா, இப்பதான வயித்துக்குப் போயிருக்கு."

"தம்பி, நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

"நீங்கல்லாம் இப்படிப் பாத்தா யாருக்குண்ணே அடிக்காது."

சிரித்தார்கள். சோளக்களி ஆறிப்போனது. நிக்கிஃபோர் கடைசியில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "சுண்ணாம்பு. தினம் காலைல சுண்ணாம்புக் கட்டிய முழுங்கிட்டு வர்றான் என் தம்பி." இன்னொரு கிளாஸை ஊற்றித் தம்பி கையில் திணித்தார். "குடி. உனக்கு ஒண்ணும் ஆகாது."

ஸம்ஃபீரா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் போவதைக் கெராசிம் பார்த்தார். கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்தார். அப்போது கூண்டுக்குள் காற்றின் ஓசை மாறியது போலிருக்கிறது. திரும்பி, அடுப்பின் பக்கவாட்டில் காதை வைத்தார். கதவைச் சற்றுச் சாத்தினார், மறுபடி கேட்டார், வெளியே போய்ப் புகையைப் பார்த்தார். உள்ளே வந்து தெக்லாவிடம் "நல்லா இழுக்குது" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எல்லோரும் கலைந்து, பொழுது சாயும்போது கிளாஸ்களைக் கழுவ எடுத்தேன். எங்கள் ஊரில் கழுவ வரும் கிளாஸில் அடியில் ஒரு சிவப்பு வளையம்தான் இருக்கும். அடுப்புத் திட்டின்மேல், கெராசிம் காதை வைத்துக் கேட்ட இடத்தில், ஒரு கிளாஸ் மட்டும் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதற்குள் ஓர் ஈ மிதந்துகொண்டிருந்தது.

வெளியே பெண்கள் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஸம்ஃபீரா அவரைத் தலைநகருக்குக் கூட்டிப்போகிறாளாம். நிக்கிஃபோர் ஊசி போடுகிறவரிடம் போனில் பேசிவிட்டாராம். கெராசிமும் சரி என்றுவிட்டாராம். டாக்டரம்மா இதயத்தைப் பற்றிச் சொன்ன அன்று ஜன்னலருகே நின்றது நான்தான். அந்தக் கிளாஸை என்னால் கொட்ட முடியவில்லை. மேலே ஒரு சாஸரைக் கவிழ்த்து, ஏப்ரனுக்கு உள்ளே மறைத்துப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஸம்ஃபீரா முற்றத்துக் கோடைச் சமையலறையில் பை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பையில் அவர் சட்டைகள். இன்னொன்று அவளுடையது. அவர் மாட்டேன் என்றால் நடாலியாவிடம் போவதற்கு என்று புரிந்தது.

"என்ன லிஸவேதா?"

கிளாஸை மேசைமேல் வைத்து சாஸரை எடுத்தேன்.

"இது யாரோடது?"

"கெராசிம் அண்ணனோடது."

"குடிக்கச் சொல்லிக் குடுத்து அனுப்புனாங்களா? இங்கயும் வந்து வேடிக்கை காட்டணுமா?"

"இல்லக்கா. வச்சிட்டு வந்துட்டாரு."

"வச்சிட்டுன்னா?"

"அடுப்பக் கேட்டுக்கிட்டிருந்தாரு. மறந்துட்டாரு."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கிளாஸை. "மறந்துட்டானா" என்றாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நேரே அலமாரிக்குப் போனாள். மிளகாய் ஊறுகாய் ஜாடிகள் அங்கே வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே சிவப்பாக இருந்தது.

"இந்த வருஷம் நான் கடைல வினிகர் வாங்கல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஆகஸ்ட்ல அவன் பீப்பாய்ல இருந்து மேல எடுத்துட்டு வந்த ஜாடி. ஜன்னல்லயே இருந்து புளிச்சுப்போச்சு. மேல வெள்ளையா ஆடை கட்டியிருந்துது. நல்ல ஒயினப் பாழாக்கிட்டியேடான்னு கத்திட்டு மிளகாய்ல ஊத்தினேன். இன்னொரு ஜாடியும் அப்படித்தான். அதுக்கும் கத்தினேன்." ஜாடியைக் கீழே வைத்தாள். "கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த வீட்டுல ஒயினுக்குப் புளிக்க நேரம் கிடைச்சதே இல்ல, லிஸவேதா."

கெராசிம் கதவில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. தொப்பி கையிலேயே இருந்தது.

"திங்கட்கிழமை எத்தன மணிக்குப் பஸ்ஸு?" என்றார்.

ஸம்ஃபீரா முதுகைக் காட்டியபடியே பேசினாள். "ஆகஸ்ட்ல அந்த ஜாடிய ஏன் குடிக்கல?"

அவர் யோசித்தார். பொய் சொல்கிறவர் அவ்வளவு நேரம் யோசிக்கமாட்டார். "குடிச்சேன். ஒரு கிளாஸு. அப்புறம்... என்னமோ. தண்ணி மாதிரி இருந்துது. மாத்திரையால நாக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்ன சொல்றது? குடிச்சேன்னு சொல்லுவேன். குடிக்காததுக்கு என்ன சொல்றது?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பூட்டினா தேதியாவது தெரியும்" என்று சொன்னாள், அவரிடமா தனக்கேவா என்று தெரியாதபடி. "இந்தத் தேதி வரைக்கும் விழமாட்டான்னு தெரியும். இதுல ஒண்ணுமே தெரியாதே. தினம் காலைல எழுந்து பாக்கணும்."

"பாரு" என்றார் அவர். "நானும் பாக்குறேன்."

நான் சாஸரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பஸ் எங்கள் நிலையத்து வாசலில்தான் நின்று போகும். நான் படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது, இரண்டு மாணவர்களும் ஒரு கிழவரும் ஏறினார்கள், பஸ் போனது. அதன் பிறகு கெராசிம் வந்தார். பின்னால் ஸம்ஃபீராவும் வந்தாள். இருவரும் பூட்ஸைக் கழற்றினார்கள்.

ஃப்ரோசா மாத்திரையை எடுத்தாள். ஸம்ஃபீரா கையை நீட்டி அட்டையையே வாங்கிக்கொண்டாள்.

"இனிமே நானே குடுக்கிறேன்."

"கோழிக்கூட்டுப் பின்னால துப்பினா?"

"துப்பினா கோழிக்குக் குடிப்பழக்கம் போகட்டும்" என்றாள் ஸம்ஃபீரா. கெராசிம் வாயைத் திறந்தார், ஒருவரும் கேட்காமலே நாக்கையும் தூக்கிக் காட்டினார்.

அவர் அதற்குப் பிறகு குடிக்கவே இல்லை என்று எழுத முடியாது. கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு நாள் மாத்திரையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் விழுந்துகிடந்தார். நிக்கிஃபோர் மறுபடி ஊசியைப் பற்றிப் பேசினார். ஸம்ஃபீரா காதில் வாங்கவில்லை. மறுநாள் அட்டையோடு போய், அண்ணன் வீட்டுக் கட்டிலிலேயே அவரை எழுப்பிச் சோளக்களி ஊட்டி, மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தாள். திட்டினாளாம், ஆனால் குடித்ததற்கு இல்லை. மாத்திரையை விட்டதற்கு.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் ஒருநாள் அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. கெராசிம் எங்கள் அடுப்பில் ஒரு செங்கலை மாற்றிக்கொடுத்திருந்தார், அதற்குப் பதிலாக நான் அவர்கள் திரைச்சீலைகளைத் துவைத்துக்கொடுத்திருந்தேன். மேசையில் ஒயின் இல்லை. பழச்சாறு இருந்தது, வற்றல் போட்ட ஆப்பிளில் காய்ச்சியது. ஸம்ஃபீரா கடைசி மிளகாய் ஜாடியைத் திறந்தாள். கெராசிம் ஒன்றைக் கடித்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ரொம்பப் புளிக்குது."

"நீ விட்டுவச்சதுதான்" என்றாள் ஸம்ஃபீரா. "தின்னு."

அவர் மீதியையும் தின்றார்.