புருல்கான் டீச்சர் கொடுத்த வீட்டுக்கணக்கு

அடுத்த அறையில் மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த புருல்கானின் கை அப்படியே நின்றது. கணவர் இறந்த பிறகு அந்த இழுப்பறையை அவளைத் தவிர யாரும் தொட்டதில்லை.

"என்ன தேடறே, மெதெத்?"

"தீப்பெட்டி, அண்ணி."

"நீ சிகரெட்டை விட்டு மூணு வருஷம் ஆச்சு. நல்லாப் பொய் சொல்லக்கூடவா மாவட்ட ஆபீஸ்ல கத்துக்குடுக்கலை?"

கணவரின் தம்பி மெதெத்பெக் அசட்டுச் சிரிப்புடன் வந்து உட்கார்ந்தான். பத்தொன்பது வயதில் அவள் நாரின் மலைப்பக்கத்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது அவனுக்கு ஏழு வயது. அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இன்று அவன் மாவட்ட ஆளுநரின் உதவியாளன். அவள் இருபத்தாறு வருடமாகக் கணக்கு டீச்சர். அதனாலேயே ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடித் தலைவி.

நேற்றைய ஊராட்சித் தேர்தலில் ஆளுநரின் ஆள் தோற்றுப்போனார். பள்ளிக் கதவில் அவள் ஒட்டிய முடிவுத்தாளை விடிவதற்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அவளிடமிருந்த நகல் மட்டும்தான்.

மெதெத்பெக் வேறொரு தாளை நீட்டினான். அதில் தோற்றவர் ஜெயித்திருந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்து, அண்ணி."

"போன தடவையும் இப்படித்தான் வந்தே. போடலையே நான்."

"போன தடவை வெளிநாட்டுக்காரங்க மூணு பேர் பின் பெஞ்சுல உட்கார்ந்து ஓட்டு எண்ணுறதைக் கண்காணிச்சாங்க. ஆளுநருக்கே வேர்த்துக் கொட்டுச்சு. இப்ப எங்க அவங்க? கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய தலைவர், உங்க தேர்தல் உங்க பாடுன்னு சொல்லிட்டார். நம்ம அதிபரோட கைகுலுக்கினார், நம்ம சுரங்கத்தை வாங்கிக்கிட்டார், போயிட்டார். உங்களுக்காக இனிமே ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான்."

அது உண்மை. காலையில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்த தேர்தல் கண்காணிப்புச் சங்கத்துக்கு ஏழு முறை ஃபோன் செய்தாள். எட்டாவது முறை காவலாளி எடுத்தான். "சங்கத்தை மூடிட்டாங்க, அக்கா. வெளிநாட்டுலேயிருந்து வர்ற பண உதவி நின்னுபோச்சு."

"கையெழுத்துப் போடலைன்னா?" என்றாள்.

"நாளைக்கு வேற டீச்சர் வருவாங்க. ஆர்டர் ரெடி. நான்தான் ஆளுநர் காலைப் பிடிச்சு நிறுத்திவெச்சிருக்கேன்." அவன் குரல் உடைந்தது. "அம்மாவுக்கு அப்புறம் எனக்கு நீங்கதான் அண்ணி. கையெழுத்து வேண்டாம், அந்த நகலையாவது குடுத்துடுங்க."

அவள் எழுந்து போனாள். மாவுப் பானைக்கு அடியிலிருந்து நகலை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கோ. இன்னிக்குக் காலையில எல்லா வகுப்புக்கும் இதைத்தான் கணக்கா குடுத்தேன். ஒருத்தருக்கு நானூத்திப் பன்னெண்டு ஓட்டு, இன்னொருத்தருக்கு நூத்தியெண்பத்தேழு. வித்தியாசம் எவ்வளவு? போட்டு, அப்பா அம்மா கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

அவன் தாளிலிருந்து நிமிர்ந்தான். "எல்லா வீட்டுலேயுமா?"

"உன் வீட்டுலயும்தான். உன் பொண்ணு அய்பெரி கழித்தல்ல தடுமாறுவா. கூட உட்கார்ந்து பாரு."

அவன் தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தான். அவள் ரொட்டியை இரு கைகளிலும் ஏந்தி வாசலுக்கு வந்தாள். ஒரு துண்டு பிட்டு வாயில் வைக்காமல் பகையாளிகூட இந்த ஊர்ப்பக்கத்தில் படி இறங்கமாட்டான்.

"கொஞ்சம் வாயில வெச்சுட்டுப் போ, மெதெத்."

அவன் கை பாதி தூரம் எழுந்தது. பிறகு கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

"நாளைக்கு ஸ்கூலுக்கு வராதீங்க, அண்ணி."

பூட்ஸைச் சரியாக மாட்டக்கூட நிற்காமல் வெளியேறினான். கதவு சாத்திக்கொண்டது.