மந்திரித்த ஐஸ்கட்டி

கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, "இந்தத் தடவை நான் காக்டெய்ல் கலக்குறேன்" என்று நானாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் குடும்பம் தூத்துக்குடியில் கப்பல்காரக் குடும்பம். அண்ணன், தம்பி, நடுவில் இவர் என்று மூன்று பேரும் உலகத்துச் சரக்கெல்லாம் ருசி பார்த்தவர்கள். அவர்களுக்குப் போய் நான் கலக்குவதா? எனக்கு அந்தத் திமிர் எப்போதும் உண்டு.

ஆனால் எனக்கு வேண்டியது அவர்கள் பாராட்டு இல்லை, என் மாமியாருடையது. நான் வந்து இத்தனை மாதமாகியும் மாமி என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. "அந்தப் பிள்ள சாப்பிட்டாச்சா?" என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இவரிடம் கேட்பார். மீன்காரியை உரிமையோடு ஏளா என்று கூப்பிடுவார், பக்கத்து வீட்டு மருமகளை ஏளா என்பார், குசினிக்குள் வரும் பெட்டைப் பூனைகூட அவருக்கு ஏளாதான். நான் மட்டும் அந்தப் பிள்ளை. அவர்கள் கத்தோலிக்கர்கள், நான் நாசரேத்துப் புராட்டஸ்டண்டுக்காரி, எங்கள் வீட்டில் மாதா சுரூபமும் கிடையாது, மெழுகுவர்த்தியும் கிடையாது. மகன் ஆசைப்பட்டுவிட்டானே என்று பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு அது வலித்தது.

மாமி போடும் திராட்சை ஒயின் எங்கள் தெருவில் பிரசித்தம். அப்படிப்பட்டவர் என் கலவையையும் ஒரு மடக்கு குடித்துப் பார்க்கமாட்டாரா என்று ஒரு நப்பாசை. முந்தின நாளே ஊர்க் கருப்பட்டியைக் காய்ச்சிப் பாகெடுத்தேன், சுக்கைத் தட்டிப் போட்டேன். இவர் கொண்டுவந்த ரம் தயார், எலுமிச்சம்பழம் தயார். ஐஸுக்குத்தான் தண்ணீரில்லை. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். கேன் தண்ணீர்க்காரர் பண்டிகையென்று வரவில்லை. கூடத்தில் மாதா சுரூபத்துக்குக் கீழே பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. தூக்கி வந்து ட்ரேக்களில் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், பிரியாணி வேகுமுன்பே எல்லோர் கையிலும் தம்ளர். மூத்தவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "எந்தத் துறைமுகத்துலயும் இப்படி ஒண்ணு குடிச்சதில்ல" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமி தன் ஒயினோடு தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தண்ணீரைப் பிள்ளைகள் தலையில் தெளிப்பது அந்த வீட்டு வழக்கமாம். அதை எடுக்கப் போன மாமி காலிப் பாட்டிலோடு திரும்பி வந்தார்.

"ஈஸ்டர் பூசையில மந்திரிச்ச தண்ணில்லா இது! எங்கல போச்சு?"

நான் தம்ளர்களைக் கை காட்டினேன். ஐஸ்கட்டிகள் ஒவ்வொருவர் கையிலும் சந்தோஷமாகக் கலகலத்தன. இளையவர் மெதுவாக எழுந்து, கொட்டிவிடலாம் என்று தொட்டிப் பக்கம் நகர்ந்தார்.

"ஏலே! மந்திரிச்ச தண்ணிய சாக்கடையிலயா ஊத்தப் போற? உக்காருல. ஒரு சொட்டு மிச்சமில்லாமக் குடிங்க."

ரம்மை இவ்வளவு பயபக்தியோடு யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. மூத்தவர் தம்ளரை வாயில் வைக்குமுன் சிலுவை வேறு போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பயத்தில் அடக்கிக்கொண்டேன்.

கலக்கி வைத்த ஜக்கில் ஐஸோடு இன்னும் பாதி கிடந்தது. மாமி அதைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கடமையே என்று ஒரு தம்ளர் ஊற்றி ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்கு குடித்தார். கடைசியில் மிஞ்சிய ஐஸ்கட்டியையும் வாயில் போட்டுக் கடித்தார்.

"சுக்கு கொஞ்சம் தூக்கல்" என்றார், சுவரைப் பார்த்து.

என் காரியம் கெட்டது, இனி என்னோடு பேசவே மாட்டார் என்று குசினிக்குள் போய்விட்டேன். அங்கே பூனை பிரியாணிச் சட்டியை மோந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து மாமி குரல் கேட்டது.

"ஏளா!"

"போ, உன்னைக் கூப்பிடுதாவ" என்று பூனையை வெளியே தள்ளினேன்.

"ஏளா, ஒன்னத்தாம்ளா. அந்தப் பூனைய விடு. இன்னொரு ட்ரே ஐஸ் இருக்குல்லா, அதையும் கலக்கி எடுத்துட்டு வா. மந்திரிச்சது வீணாப் போவக்கூடாது."