ஓட்டுநர் கட்டத்தில் என் பெயர்

இந்த மஸ்கட் நகரத்தில் அழுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனால் போலீஸ் நிறுத்தி அபராதம் எழுதும். வந்த புதிதில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கம் சேறு ஒட்டாத வண்டியைக் கண்டால்தான், "என்னா, வண்டிக்கு வேலை வெட்டி இல்லியா?" என்று விசாரிப்பார்கள். இங்கே வியாழக்கிழமை சாயங்காலமானால் எங்கள் குடியிருப்பின் கீழே கார்கள் வரிசையாக நின்று குளிக்கின்றன. மறுநாள் வெள்ளி, விடுமுறை. வெள்ளிக்கிழமை என்றால் வாசல் தெளித்து, தலைக்குக் குளித்து, விளக்கேற்றியே பழகிய உடம்பு என்னுடையது. அந்த நாளில் விடியற்காலையில் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் கிளம்புவது, பதின்மூன்று வருடம் ஆன பிறகும், யார் வீட்டு நாளையோ எடுத்து நாம் செலவழிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர்கள் நாலு குடும்பம் இங்கே இருக்கிறோம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாலு காரும் சேர்ந்து கிளம்பும். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இதற்கெல்லாம் திட்டம் போடுகிறவர் அரூர்க்காரர் முருகேசன் அண்ணன். கட்டடக் கம்பெனியில் வேலை என்பதால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கூடக் கட்டம் போட்டுத்தான் எழுதுவார். கார் ஒன்று, கார் இரண்டு என்று வரிசை. எத்தனை மணிக்குப் புறப்பாடு, எங்கே பெட்ரோல், எங்கே டீ, தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்குமே, அதற்கு முன் எதை வாங்கிக்கொள்வது, எல்லாம் அதில் இருக்கும். "எழுதாம கெளம்புனா எதையாவது வுட்டுட்டுப் போயிருவோம்மா" என்பார். ஊரில் நாங்கள் தீர்த்தமலைக்குப் போனபோது யாரும் எதையும் எழுதியதில்லை. டீக்கடையில் ஒருவர் "போலாமா?" என்பார், மறுநாள் காலையில் ஒரு வேனில் இருபத்தைந்து பேர் இருப்பார்கள். பாதி வழியில்தான் குடிதண்ணீரை எடுக்கவில்லை என்பது தெரியும். ஆகவே அண்ணனுடைய அட்டவணையை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல அட்டவணைதான். என் சண்டையெல்லாம் அதில் இருந்த ஒரே ஒரு கட்டத்தோடு.

'ஓட்டுநர்' என்ற கட்டத்தில் நாலு ஆண்களின் பெயர். 'சாப்பாடு' என்ற கட்டத்தில் "புளிசாதம்: செந்தில் ஒய்ஃப்." செந்தில் என் வீட்டுக்காரர். என் பெயர் பூங்கொடி. என்னிடம் இந்த நாட்டு லைசென்ஸ் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் மகள் கயலின் டியூஷனுக்கும், மளிகைக்கும், மருத்துவமனைக்கும் அதே காரை ஓட்டுகிறேன். அதற்கெல்லாம் என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை, அவருக்கு அது சௌகரியம். நாலு குடும்பம் பார்க்கிற வெள்ளிக்கிழமை மட்டும் நான் பின்சீட்டில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். போன மாதம் அட்டவணை வந்தபோது பதிமூன்று வயது கயல் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ நீ லைசென்ஸ் எதுக்கும்மா எடுத்தே, ஃபோட்டோ நல்லா இருக்குன்னா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஏனென்றால் அவளுடைய வயதில்தான் என்னை டிராக்டரிலிருந்து இறக்கினார்கள். என் அப்பா தக்காளியும் கேழ்வரகும் போடுகிறவர். டிராக்டர் வைத்திருந்தார். பத்து வயதிலிருந்தே எங்கள் காட்டுக்குள் ஓட்டினேன். டிரெய்லர் நிறையத் தக்காளிக் கூடையை ஏற்றி, அதைப் பின்பக்கமாகவே களத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவது என் வேலை. "எம் மவ ரிவர்ஸ் எடுத்தா வரப்புல ஒரு புல்லு சாயாது" என்று அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். பதிமூன்று வயதில் நான் பெரிய மனுஷி ஆனேன். சடங்கு முடிந்த மறுவாரம் நான் டிராக்டரில் ஏறப் போக, அத்தை களத்தின் நடுவில் நின்றுகொண்டு, "ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் அண்ணாந்து பாக்கணுமா? எறங்குடி" என்றாள். இறங்கினேன். அப்பா கூடைகளை எண்ணுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார். ஊரைப் பற்றி எழுதும்போது எல்லாம் தேனாக இருந்தது என்று எழுதச் சொல்லாதீர்கள். அந்த இறங்குதல் என் முழங்காலில் இன்னும் இருக்கிறது.

இங்கே லைசென்ஸ் எடுப்பதற்கு ஒரு சடங்கு உண்டு. தகர டிரம்களை நட்டு வைத்திருப்பார்கள். அவற்றின் நடுவில் காரைப் பின்பக்கமாக நுழைத்து நிறுத்த வேண்டும். ரிவர்ஸ்தானே, நமக்குத் தெரியாததா என்று தெம்பாக உட்கார்ந்தேன். முதல் நாளே டிரம் விழுந்தது. மறுநாள் இரண்டு விழுந்தன. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் சலீமா என்கிற ஓமானியப் பெண்மணி. கறுப்பு அங்கி, கையில் எந்நேரமும் காவா என்கிற அரபுக் காபிக் கோப்பை, வாயில் அரபியும் இந்தியும் மலையாளமும் கலந்த ஒரு பாஷை. அவர் ரைட் என்பார், நான் லெஃப்டில் ஒடிப்பேன். எனக்கு வலது இடது தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, "திஸ், ரைஸ் ஈட்டிங். ஓகே? அதர் ஹேண்ட், நோ ரைஸ்" என்று ஒரு வாரம் பாடம் நடத்தினார். நானும் சோற்றுக் கையைக் காட்டித் தலையாட்டிவிட்டு, மறுபடி டிரம்மைத் தள்ளினேன்.

டிரெய்லர் மாட்டிய டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ரிவர்ஸ் அது ஒன்றுதான். காரில் பின்னால் எதுவும் மாட்டியிருக்கவில்லை என்பது என் புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. கடைசியில் காரின் பானட்டில் படிந்திருந்த தூசியில் விரலால் டிராக்டரும் டிரெய்லரும் வரைந்து காட்டினேன். சலீமா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு காவா சிந்தச் சிரித்தார். "டிரெய்லர் யஹான் நஹி. இந்தியா மேம் சோடோ" என்றார், டிரெய்லரை இந்தியாவிலேயே விட்டுவிட்டு வா என்று. அது எப்படி விடுவது? விடவில்லை. அது பின்னால் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கையை மாற்றிப் பழகினேன். ஊரில் ஓட்டுகிறவருக்கு வலப்பக்கம் இடம், இந்த நாட்டில் இடப்பக்கம், நான் கற்றுக்கொண்ட டிராக்டரிலோ நட்டநடுவில். ஆனாலும் ஐந்தாவது தடவையில் ஒரு டிரம்கூட அசையவில்லை.

இத்தனையும் பட்டவள் போன மாதம் நாலு குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "அண்ணா, கார் மூன்று, ஓட்டுநர் பூங்கொடி என்று மாற்றிவிடுங்கள்." அரை மணி நேரத்தில் முருகேசன் அண்ணன் போன் செய்தார்.

"ஏம்மா தங்கச்சி, சும்மா தமாசுக்குத்தானே போட்ட?"

"இல்லீங்கண்ணா. நெசமாத்தான்."

"செந்தில் என்னா சொல்றான்?"

"லைசென்ஸ் எனக்குத்தானே குடுத்தாங்க, அவரைக் கேட்டா குடுத்தாங்க?"

அவர் இருமிக்கொண்டே வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அதட்டுகிற ஆள் இல்லை, நல்ல மனிதர். சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"இந்தா பாரு, நீ நல்லாத்தான் ஓட்டற. நாலு பேரு முன்னால நீ ஓட்டி நான் பக்கத்துல ஒக்காந்தா, எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனைப்பாங்க."

"பதிமூணு வருஷமா நான் பின்னால ஒக்காந்து வந்தனே, எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"அது வேற."

"என்னா வேறங்க? சரி, அந்தக் கட்டத்துல என் பேரு இல்லன்னா சாப்பாட்டுக் கட்டத்துலயும் வேணாம். புளிசாதத்த நீங்களே கிண்டிக்குங்க."

கயல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்தவர்கள், களத்தில் நின்ற அத்தையையும் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருக்கிறோம். எனக்கு வலித்தது அதுதான். இந்த ஊர்ப் பெண்கள் பிக்கப் வண்டியில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் பறக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் வியக்கிறோம், அடுத்த வெள்ளிக்கிழமை மனைவியைப் பின்சீட்டில் ஏற்றுகிறோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் புது அட்டவணை வந்தது. கார் மூன்று, ஓட்டுநர்: செந்தில் / பூங்கொடி. அந்தச் சாய்ந்த கோடு எனக்குப் போதவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு எல்லோருக்கும் முன்னால் கீழே இறங்கிப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சீட்டை என் காலுக்குத் தக்கபடி முன்னால் தள்ளி, பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். புளிசாதத்தையும் கிண்டி வைத்துவிட்டுத்தான் வந்தேன், பசியில் யாரையும் பழிவாங்குகிற பழக்கம் எனக்கில்லை. என் வீட்டுக்காரர் வந்தார், பார்த்தார். மற்ற மூன்று காரும் பார்த்துக்கொண்டிருந்தன. சுற்றிவந்து வலப்பக்கம் ஏறிக்கொண்டார். தூக்குவாளி அவர் மடிக்குப் போனது.

சூர் என்கிற ஊருக்குப் போகும் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரப் பயணம். அங்கே மலை இடுக்கில் ஓடுகிற ஓடை ஒன்றுக்குத்தான் போனோம், வாதி என்பார்கள். வழி முழுக்க என் வீட்டுக்காரர் மேலே இருக்கும் கைப்பிடியைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது, பக்கத்துக் காரிலிருந்த வெள்ளைத் தாடி ஓமானியர் என் வீட்டுக்காரருடைய வெளிறிய முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஹாஸ்பிடல்?" என்று இரக்கத்தோடு கேட்டார். "நோ, வாதி" என்றேன் நான். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இறங்கி வந்து ஒரு டப்பா பேரீச்சம்பழத்தை என் வீட்டுக்காரர் கையில் திணித்து, நெஞ்சில் கைவைத்து ஏதோ பிரார்த்தனை சொல்லிவிட்டுப் போனார். பின்சீட்டில் கயல் வெடித்துச் சிரித்தாள். என் வீட்டுக்காரர் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சொன்னேன்ல, எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னுதான் நெனைப்பாங்க" என்றார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வாதியில் பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆண்கள் நான் ஓட்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசினார்கள். முருகேசன் அண்ணன் மட்டும், "வளைவுல கொஞ்சம் ஒடிச்சு எடுக்கற, நல்லாத்தான் இருக்குது" என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் மனைவி தேன்மொழி அக்கா என் பக்கத்தில் வந்து கால் நனைத்தபடி, குரலைத் தாழ்த்தி, "லைசென்ஸ் எடுக்க எத்தினி மாசம் ஆச்சு? அந்த டிரம்மு ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டாள். சலீமாவின் நம்பரைக் கொடுத்தேன். அக்கா அதைத் தன் போனில் 'தையல்கடை' என்று பதிந்துகொண்டாள்.

மூன்று மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். சாவியை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வலப்பக்கம் கடலும் இடப்பக்கம் மலையுமாக வெகுதூரம் வந்தோம். குரியாத் ஊரைத் தாண்டியதும் கடல் மறைந்து, சாலை மலையைக் குடைந்துகொண்டு ஏறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் பழுப்புப் பாறை, முன்னால் மூச்சிரைக்கிற லாரிகள். பின்சீட்டில் கயல் தூங்கிவிட்டாள். பக்கத்தில் பார்த்தால் என் வீட்டுக்காரரும் தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பிடியை விட்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது, காலை நன்றாக நீட்டியிருந்தார். ஒரு லாரியை முந்தும்போது பாதிக் கண் திறந்து, வெளியே பாறையைப் பார்த்துவிட்டு, "தொப்பூர் தாண்டிட்டமா?" என்றார். சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது மலை ஏறுவோமே, அந்தத் தொப்பூர். எத்தனை ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம்.

"இன்னும் இல்லீங்க. நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். அரபியில் எழுதிய பச்சைப் பலகை ஒன்று வந்து போனது. கியரைக் குறைத்து மேட்டில் ஏற்றினேன்.